நாட்டின் வளம் மக்களின் உயரத்தில் தெரியும்: வரலாறு சொல்வதும் இந்தியாவின் நிலையும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிடுவதற்குத் தனிநபர் வருமானம், மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆகிய அளவுகளே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் கடந்த அரை நூற்றாண்டாக மற்றோர் அளவுகோலையும் கையாண்டு வருகின்றனர். அது மக்களின் சராசரி உடல் உயரம்.

இந்தியாவுக்கு இந்த அளவுகோல் வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றியவர்களாக உள்ளனர். ஏறத்தாழ மூன்று குழந்தைகளில் ஒருவர் என்பது இதன் பொருள். உலகின் வேகமாக வளரும் பொருளாதாரங்களில் ஒன்றாக இந்தியா பேசப்பட்டுவரும் காலத்திலேயே இந்த நிலை நீடிக்கிறது.

நாட்டின் வருமானம் உயரும்போது மக்களின் உயரமும் தானாக உயர்ந்துவிடுமா? உயராவிட்டால் அதற்குக் காரணம் என்ன? இந்தக் கேள்விகளை இந்தியாவுக்கு முன்பே பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்கொண்டுள்ளன.

உயரம் எதைக் காட்டுகிறது?

ஒரு தனிமனிதரின் உயரத்தைப் பெருமளவில் பெற்றோர் வழி வந்த மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. நல்ல ஊட்டச்சத்து கிடைக்கும் சமூகங்களில், மனிதருக்கு மனிதர் காணப்படும் உயர வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபு சார்ந்தது என்று இரட்டையர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, 50 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளைக் கொண்டு, உயரத்துடன் தொடர்புடைய 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளை அடையாளம் கண்டது.

ஆனால் ஒரு சமூகத்தின் சராசரி உயரம் இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குள் பத்து சென்டிமீட்டர் கூடும்போது, மரபணுவைக் காரணமாகக் காட்ட முடியாது. அவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு அமைப்பு அந்த அளவுக்கு மாறுவதில்லை. மாறுவது உணவு, நோய், உழைப்பு, குடிநீர், சுகாதாரம் ஆகியவையே.

இதை விளக்க ஆய்வாளர்கள் 'நிகர ஊட்டம்' என்ற கருத்தைப் பயன்படுத்துகின்றனர். குழந்தை உண்ணும் உணவு முழுவதும் வளர்ச்சிக்குச் செல்வதில்லை. உயிர் வாழ்வதற்கும், உடல் வெப்பத்தைக் காப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், வேலை செய்வதற்கும் செலவானது போக எஞ்சுவதே எலும்பு வளரப் பயன்படுகிறது. அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காணும் குழந்தை வயிறு நிறைய உண்டாலும், அந்த உணவின் பலன் வளர்ச்சிக்குப் போய்ச் சேராது.

கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரையிலான சுமார் ஆயிரம் நாட்கள் இதில் மிக முக்கியமானவை. அப்போது ஏற்படும் பின்னடைவைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது கடினம். பருவமடைந்த பிறகு நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எவ்வளவு சத்தான உணவு கிடைத்தாலும் உயரம் கூடாது. எனவே, ஒரு தலைமுறையின் சராசரி உயரம், அந்தத் தலைமுறை குழந்தையாக இருந்தபோது அதற்குக் கிடைத்ததும் கிடைக்காததும் பற்றிய பதிவாக நின்றுவிடுகிறது.

பழைய அளவுகள் எங்கிருந்து கிடைத்தன?

வருமானக் கணக்குகள் முறையாகப் பராமரிக்கப்படாத காலங்களுக்கும் உயரக் கணக்குகள் உள்ளன என்பதே இந்த அளவுகோலின் சிறப்பு. படையில் சேர்ந்தவர்கள், சிறைக் கைதிகள், கப்பலேறியவர்கள் ஆகியோரை அடையாளம் காண்பதற்காக அரசுகள் அவர்களின் உயரத்தைக் குறித்து வைத்தன. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட அந்தப் பதிவேடுகள், பிற்காலத்தில் வறுமையை அளக்கும் சான்றுகளாயின. எழுத்துப் பதிவே இல்லாத காலங்களுக்கு, அகழாய்வில் கிடைக்கும் தொடையெலும்பின் நீளத்தைக் கொண்டு உயரம் கணக்கிடப்படுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் லூயி ரெனே வில்லர்மே, படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் அளவுகளை ஆராய்ந்து 1829இலேயே ஒரு முடிவுக்கு வந்தார். வளமான பகுதிகளில் பிறந்தவர்கள் அதிக உயரமாகவும் விரைவாகவும் வளர்கின்றனர். வறுமையும் கடும் உழைப்பும் உள்ள இடங்களில் உயரம் குறைகிறது என்று அவர் எழுதினார். உயரத்தைத் தட்பவெப்பமே தீர்மானிக்கிறது என்ற கருத்து நிலவிய காலம் அது.

இந்தச் சிந்தனை 1970களின் பிற்பகுதியில் பொருளாதார வரலாற்றின் தனித் துறையாக உருவெடுத்தது. 1993இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கரான ராபர்ட் ஃபோகல் இதன் முன்னோடிகளுள் ஒருவர். ரிச்சர்ட் ஸ்டெக்கல், ஜான் கோம்லோஸ், ரோடரிக் ஃபிளவுட் ஆகியோர் பதிவேடுகளிலிருந்து லட்சக்கணக்கான அளவுகளைத் திரட்டினர். குழந்தைகளின் வளர்ச்சி குறித்து ஆய்வு செய்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் டானரின் பணி இவர்களுக்கு அறிவியல் அடித்தளமாக அமைந்தது.

கூலிக் கணக்குகளில் சம்பளம் பெறாத பெண்களும் குழந்தைகளும் இடம்பெறுவதில்லை. தேசிய வருமானக் கணக்கு ஒரே ஒரு சராசரியைத் தருகிறதே தவிர, அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வதில்லை. உயரக் கணக்கு இந்த இரண்டு குறைகளையும் ஓரளவு நிறைவு செய்கிறது. ஒருவருக்குப் பங்கு கிடைத்ததா என்பது அவரது உடலிலேயே தெரிந்துவிடும்.

வருமானம் உயர்ந்தது, உயரம் சரிந்தது

அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலத்தில், அமெரிக்காவில் பிறந்த படைவீரர்கள் சராசரியாக 172 செ.மீ. உயரம் இருந்தனர். அவர்களை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்களைவிட இது 5 செ.மீ.க்கும் அதிகம். விளைநிலம் தாராளமாக இருந்ததும், இறைச்சியும் பாலும் எளிதில் கிடைத்ததும், மக்கள் நெருக்கமின்றிச் சிதறி வாழ்ந்ததால் தொற்றுநோய் குறைவாக இருந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

பின்னர் நிகழ்ந்ததே ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1830 வாக்கில் பிறந்த அமெரிக்க வெள்ளையர் ஆண்கள் சுமார் 173 செ.மீ. உயரத்தை எட்டினர். அதன்பின் பிறந்தவர்களின் உயரம் குறையத் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர்களிடம் 170 செ.மீ. என்ற அளவுக்கு இறங்கியது. அதே காலத்தில் நாட்டின் தனிநபர் வருமானம் தொடர்ந்து உயர்ந்து வந்தது. உள்நாட்டுப் போருக்கு முந்தைய காலத்தில் தொடங்கிய இந்த முரண், பொருளாதார வரலாற்றில் ஒரு புதிராகவே இன்றும் குறிப்பிடப்படுகிறது.

நகரங்கள் பெருகியதும், கால்வாய்களும் ரயில் பாதைகளும் சரக்குகளோடு நோய்களையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததும் ஒரு விளக்கம். மக்கள்தொகை பெருகி உணவு விலை உயர்ந்ததால், பாலும் இறைச்சியும் வாங்குவது குறைந்தது என்பது மற்றொரு விளக்கம். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் பால் நெடுந்தூரம் பயணம் செய்ய முடியாது. பண்ணைக்கு அருகில் வளர்ந்த குழந்தைக்குக் கிடைத்த பால், நகரத் தொழிலாளியின் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனிலும் இதே போன்ற நிலை காணப்பட்டது. தொழிற்புரட்சிக் காலத்தில் உயரம் எப்போது குறையத் தொடங்கியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆயினும், 1830களிலும் 1840களிலும் பிறந்த தலைமுறையினர் தங்களுக்கு முந்தையவர்களைவிடக் குட்டையாக இருந்தனர் என்பதைப் பலரும் ஏற்கின்றனர். அது தொழில் நகரங்களில் கழிவுநீர் வசதியின்றி மக்கள் நெருங்கி வாழ்ந்த காலம். 1842இல் எட்வின் சாட்விக் அளித்த சுகாதார அறிக்கை, மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பின் சராசரி வயது 17 என்றும், கிராமப்புறமான ரட்லண்டில் அது 38 என்றும் பதிவு செய்தது.

வர்க்க வேறுபாடும் உயரத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. லண்டனின் ஏழைச் சிறுவர்களைக் கடற்பணிக்கு அனுப்பிய 'மரைன் சொசைட்டி' என்ற அறக்கட்டளையின் பதிவேடுகளையும், மேல்தட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் பதிவேடுகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரே வயதுடைய இவ்விரு பிரிவுச் சிறுவர்களுக்கும் இடையே 15 செ.மீ. அளவுக்கு வேறுபாடு இருந்தது. ஒரே நாட்டில், ஒரே இனத்தில் பிறந்தவர்களிடையே நிலவிய வேறுபாடு இது.

அடிமைக் குழந்தைகளின் அளவுகள்

இந்தத் துறையின் மிகத் துயரமான சான்றுகள் அமெரிக்க அடிமை முறையிலிருந்து கிடைத்தவை. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 முதல் அமெரிக்கா தடை செய்தது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே கொண்டு செல்லப்பட்டவர்கள் புதிதாகக் கடத்தி வரப்பட்டவர்கள் அல்லர் என்று காட்டுவதற்காக, கப்பல் அதிகாரிகள் ஒவ்வொருவரின் வயதையும் உயரத்தையும் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியல்களை ஆராய்ந்த ஸ்டெக்கல், அடிமைக் குழந்தைகள் இதுவரை அளக்கப்பட்ட மக்களுள் மிகக் குட்டையானவர்களின் வரிசையில் இருந்ததைக் கண்டறிந்தார். வேலைக்கு அனுப்பப்படும் வயது வந்தபின் அவர்களின் வளர்ச்சி வேகமெடுத்தது. உழைக்கும் கைகளுக்கு மட்டும் இறைச்சி உள்ளிட்ட உணவு ஒதுக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்பது அவரது விளக்கம். இன்னும் லாபம் ஈட்டித் தராத குழந்தைகளுக்கு எசமானர்கள் எவ்வளவு உணவு அளித்தனர் என்பதற்கு, அந்தக் குழந்தைகளின் உயரமே சாட்சியாக எஞ்சியது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1890களில் திரட்டிய அளவுகளின்படி, அமெரிக்கச் சமவெளிப் பகுதிப் பழங்குடி ஆண்கள் சராசரியாக 172 செ.மீ.க்கும் மேற்பட்ட உயரம் கொண்டிருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் உலகிலேயே உயரமானவர்களாக அவர்கள் இருந்திருக்கக்கூடும் என்று ஸ்டெக்கலும் ஜோசஃப் பிரின்ஸும் 2001இல் எழுதினர். பணக் கணக்கில் ஏழைகளாகக் கருதப்பட்ட அவர்களுக்குக் காட்டெருமை இறைச்சி கிடைத்தது. உணவைப் பகிர்ந்து உண்ணும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

நூறாண்டில் மாறிய உலகம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூய குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள், தடுப்பூசி ஆகியவை பரவத் தொடங்கியபின் ஐரோப்பாவில் உயரம் நிலையாகக் கூடியது. இதற்கு நெதர்லாந்து சிறந்த எடுத்துக்காட்டு. 1860களில் அந்நாட்டில் படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ. மட்டுமே. இன்று உலகிலேயே உயரமான ஆண்கள் அங்குதான் உள்ளனர்.

ஜப்பானில் பள்ளி மாணவர்களின் உயரம் 1900 முதல் நாடு முழுவதும் பதிவு செய்யப்பட்டு வருகிறது. அந்த ஆண்டில் 17 வயது மாணவர்களின் சராசரி உயரம் சுமார் 158 செ.மீ. தற்போது அது 170 செ.மீ.க்கும் மேல். இடையில் இரண்டாம் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாடு காரணமாக அந்த வரைகோடு சரிந்து, போருக்குப் பின் மீண்டும் ஏறியது. பள்ளி மதிய உணவுக்கான சட்டத்தை ஜப்பான் 1954இல் இயற்றியது.

மரபா, சூழலா என்ற கேள்விக்கு கொரியத் தீபகற்பம் தெளிவான விடை தருகிறது. ஒரே மொழியும் ஒரே மரபும் கொண்ட மக்கள் 1945க்குப் பின் இரு அரசுகளின் கீழ்ப் பிரிந்தனர். வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களைத் தென் கொரியாவில் அளந்தபோது, பிரிவினைக்குப் பின் பிறந்து வடக்கில் வளர்ந்தவர்கள் தெற்கில் வளர்ந்தவர்களைவிடச் சில சென்டிமீட்டர் குறைவாக இருப்பது தெரியவந்தது.

உலகம் தழுவிய ஒப்பீடு ஒன்றை, தொற்றா நோய்க் காரணிகள் குறித்து ஆராயும் பன்னாட்டு ஆய்வாளர் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்டது. 200 நாடுகளில் 1896 முதல் 1996 வரை பிறந்தவர்களின் உயரம் அதில் மதிப்பிடப்பட்டது. நூறாண்டில் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20.2 செ.மீ. கூடியது. ஈரானிய ஆண்களின் உயரம் 16.5 செ.மீ. கூடியது. 1996இல் பிறந்தவர்களில் நெதர்லாந்து ஆண்கள் 182.5 செ.மீ. உயரத்துடன் முதலிடத்திலும், குவாத்தமாலா பெண்கள் 149.4 செ.மீ. உயரத்துடன் கடைசி இடத்திலும் இருந்தனர்.

உயரம் எப்போதும் ஏறுமுகத்திலேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதே ஆய்வில், நூறாண்டுக்கு முன் உலகின் உயரமான நாடுகளின் வரிசையில் முன்னணியில் இருந்த அமெரிக்கா, ஆண்களில் 37ஆம் இடத்துக்கும் பெண்களில் 42ஆம் இடத்துக்கும் பின்தங்கியது தெரியவந்தது. நெதர்லாந்திலும் 2001இல் பிறந்த ஆண்கள், 1980இல் பிறந்தவர்களைவிட 1 செ.மீ. குறைவாக இருப்பதாக அந்நாட்டுப் புள்ளியியல் அமைப்பு 2021இல் தெரிவித்தது.

கப்பல் பதிவேடுகளில் இந்தியர்கள்

பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியர்களின் உயரத்தை அறிய, ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் பதிவேடுகள் உதவுகின்றன. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும், ஃபிஜி, மொரீஷியஸ் போன்ற தீவுகளுக்கும் பல லட்சம் பேர் அனுப்பப்பட்டனர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றோடு உயரமும் அடி, அங்குலக் கணக்கில் எழுதப்பட்டது.

லான்ஸ் பிரென்னன், ஜான் மெக்டொனால்ட், ரால்ஃப் ஷ்லோமோவிட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளைக் கொண்டு வட இந்தியர், தென்னிந்தியர் உயரங்களை 1990களில் ஆராய்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய நாடுகளில் காணப்பட்டது போன்ற தொடர்ச்சியான உயர்வு, இந்தியர்களிடம் காணப்படவில்லை. 1876-78இன் பெரும் பஞ்சம் உள்ளிட்ட தொடர் பஞ்சங்களும், காலரா, பிளேக், மலேரியா போன்ற கொள்ளைநோய்களும் நாட்டை வாட்டிய காலம் அது.

இன்றைய இந்தியா

மேற்குறிப்பிட்ட 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ.; பெண்களின் உயரம் சுமார் 153 செ.மீ. நூறாண்டில் ஆண்களுக்கு ஏறத்தாழ 3 செ.மீ.யும், பெண்களுக்கு 5 செ.மீ.யும் கூடியுள்ளன. தென் கொரியப் பெண்கள் எட்டிய உயர்வில் இது நான்கில் ஒரு பங்கே.

ஆண், பெண் இருவரில் யாருடைய உயரம் வேகமாகக் கூடியது என்பதில் மதிப்பீடுகள் ஒத்துப்போகவில்லை. 2015இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், 2005-06 குடும்ப நல ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2008இல் வெளியிட்ட கட்டுரையில், இந்திய ஆண்களின் உயரம் பெண்களின் உயரத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் கூடுவதாகக் கணக்கிட்டார். எடுத்துக்கொண்ட காலமும் தரவும் முறையும் மாறும்போது முடிவும் மாறுகிறது.

குழந்தைகளின் நிலையில் படிப்படியான முன்னேற்றம் தெரிகிறது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் 2005-06இல் 48 சதவீதமாக இருந்தது. 2015-16இல் அது 38.4 சதவீதமாகவும், 2019-21இல் 35.5 சதவீதமாகவும் குறைந்தது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான இடைவெளி பெரிது. மேகாலயாவில் 46.5 சதவீதமும், பிகாரில் 42.9 சதவீதமும், உத்தரப் பிரதேசத்தில் 39.7 சதவீதமும் குழந்தைகள் வளர்ச்சி குன்றியுள்ளனர். தமிழ்நாட்டில் இது 25 சதவீதம், கேரளத்தில் 23.4 சதவீதம்.

உலக சுகாதார அமைப்பின் அளவுகோலின்படி, ஐந்து வயது நிறைந்த சிறுவனின் இயல்பான நடு உயரம் 110 செ.மீ. அதே வயதில் 100.7 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் அவன் வளர்ச்சி குன்றியவனாகக் கருதப்படுகிறான். நல்ல சூழலில் வளரும் நூறு குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே இந்தக் கோட்டுக்குக் கீழ் இருப்பார்கள். இந்தியாவில் நூற்றுக்கு 35 பேர் இருக்கின்றனர்.

இந்தியர்களின் மரபே குட்டையானதா?

இந்திய, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உயரங்களை ஒப்பிட்ட பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா, உலகம் முழுமைக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது சரியா என்ற கேள்வியை 2013இல் எழுப்பினார். வருமானத்திலும் குழந்தை இறப்பு விகிதத்திலும் இந்தியாவைவிடப் பின்தங்கிய பல ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகள் உயரமாக இருக்கின்றனர். எனவே இந்தியக் குழந்தைகளின் உயரக் குறைவில் மரபுக்கும் பங்கு இருக்கலாம் என்பது அவரது வாதம்.

இதற்குப் பதில் அளிப்போர் சுட்டிக்காட்டுவது, அந்த அளவுகோல் உருவான விதத்தை. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார அமைப்பு பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. இந்தியாவின் சார்பில் தெற்கு டெல்லியின் வசதியான குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகள் அளக்கப்பட்டனர். தாய்ப்பால், தூய்மையான சூழல், மருத்துவக் கவனிப்பு ஆகிய அனைத்தும் கிடைத்த அந்தக் குழந்தைகள், நார்வே, அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இணையாக வளர்ந்தனர். இதன் அடிப்படையிலேயே 2006இல் உலகப் பொது அளவுகோல் வெளியிடப்பட்டது.

வசதி மட்டும் போதாது என்பதையும் தரவுகள் காட்டுகின்றன. 2019-21 ஆய்வில், மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் 46 சதவீதக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருந்தனர். மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கிலும் இந்த விகிதம் 23 சதவீதம். பணம் இருந்தும் தவிர்க்க முடியாத காரணிகள் இருப்பதை இது உணர்த்துகிறது.

வீட்டுக்குள்ளும் வெளியிலும்

அத்தகைய காரணிகளில் ஒன்று சுகாதாரம். திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கமும் மக்கள் நெருக்கமும் ஒன்றுசேரும் இடங்களில் குழந்தைகள் அடிக்கடி குடல் தொற்றுக்கு ஆளாகி, உண்ட உணவின் சத்தை இழக்கின்றனர் என்று டீன் ஸ்பியர்ஸ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் வாதிடுகின்றனர். தன் வீட்டில் கழிப்பறை கட்டிய குடும்பத்தின் குழந்தையும், அண்டை வீடுகளில் அது இல்லாததால் பாதிக்கப்படும். மேம்பட்ட கழிப்பறை வசதியுள்ள வீடுகளில் வாழ்வோரின் பங்கு 2015-16இல் 48.5 சதவீதமாக இருந்தது, 2019-21இல் 70.2 சதவீதமாக உயர்ந்தது.

மற்றொரு காரணி குடும்பத்துக்குள் நடக்கும் பங்கீடு. இந்தியக் குழந்தைகளை ஆப்பிரிக்காவின் 25 நாடுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்ட சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே ஆகியோர், 2017இல் வெளியிட்ட ஆய்வில் முக்கியமான ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். இந்தியாவின் உயரக் குறைவு முதல் குழந்தையிடம் காணப்படவில்லை. இரண்டாவது குழந்தையிடம் தொடங்கி, அடுத்தடுத்த குழந்தைகளிடம் அது கூடிச் செல்கிறது. மூத்த மகனுக்கு அளிக்கப்படும் முன்னுரிமையே இதற்கு முக்கியக் காரணம் என்று அவர்கள் விளக்கினர். மரபு மட்டுமே காரணமாக இருந்தால், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளிடையே பிறப்பு வரிசைப்படி இத்தகைய இறக்கம் ஏற்பட வாய்ப்பில்லை.

மூன்றாவது காரணி தாயின் உடல்நிலை. எடை குறைந்த, ரத்தசோகையுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறக்கும்போதே பின்தங்கி விடுகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் எடை குறைந்தவர்களின் பங்கு 2005-06இல் 35.5 சதவீதமாக இருந்து, 2019-21இல் 18.7 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ரத்தசோகை உள்ள பெண்களின் பங்கு 57 சதவீதமாக உள்ளது.

அளவுகோலின் வரம்புகள்

உயரத்தைக் கொண்டு மட்டும் வாழ்க்கைத் தரத்தை முடிவு செய்துவிட முடியாது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கின்றனர். பழைய ராணுவப் பதிவேடுகளில் குறைந்தபட்ச உயரம் உள்ளவர்கள் மட்டுமே இடம்பெற்றனர். வெளியில் நல்ல வேலை கிடைக்கும் காலத்தில் ஏழைகளே படையில் சேர்வார்கள் என்பதால், பதிவேட்டின் சராசரி குறையக்கூடும். அமெரிக்கப் புதிருக்கே இந்தத் தேர்வுப் பிழையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஹோவர்ட் போடன்ஹார்ன் உள்ளிட்ட மூவர் 2017இல் வாதிட்டனர்.

நாடுகளுக்கு இடையே ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. வருமானம் குறைந்த பல ஆப்பிரிக்க நாடுகளின் பெண்கள் இந்தியப் பெண்களைவிட உயரமாக இருப்பதை, வருமானத்தையோ நோயையோ கொண்டு முழுமையாக விளக்க முடியவில்லை என்று டீட்டன் 2007இல் எழுதினார். தனிமனிதரின் உயரத்தைக் கொண்டு அவரது உடல்நலத்தையோ அறிவுத்திறனையோ மதிப்பிடுவதற்கும் இந்த ஆய்வுகளில் இடமில்லை. ஒரே சமூகத்தின் சராசரி, காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பதே இந்த அளவுகோலின் முறையான பயன்பாடு.

அப்படிப் பார்க்கும்போது கவலை தரும் ஒரு செய்தியும் உள்ளது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடும்ப நல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2021இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, 2005-06க்கும் 2015-16க்கும் இடையே 15 முதல் 25 வயது வரையுள்ள இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 1.1 செ.மீ. குறைந்தது. அதே வயதுப் பிரிவுப் பெண்களின் சராசரியில் ஏற்பட்ட குறைவு சிறிது. ஆனால் மிக ஏழ்மையான குடும்பங்களின் பெண்களிடமும் பழங்குடிப் பெண்களிடமும் அது கூடுதலாக இருந்தது. பத்தாண்டு மாற்றத்தைக் கொண்டு நீண்டகாலப் போக்கை உறுதி செய்ய முடியாது என்றாலும், வருமானம் உயர்ந்த காலத்தில் பதிவான குறைவு இது என்பது கவனிக்கத்தக்கது.

தலைமுறை கடந்து கிடைக்கும் பலன்

உயரத்தில் முதலீட்டின் பலன் உடனடியாகத் தெரிவதில்லை. பள்ளி மதிய உணவுத் திட்டம் பற்றி 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதை எடுத்துக்காட்டுகிறது. பள்ளியில் மதிய உணவு பெற்று வளர்ந்த பெண்கள் பிற்காலத்தில் தாயானபோது, அவர்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்தது. 2006 முதல் 2016 வரை இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இத்திட்டத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் 1995இல் தொடங்கப்பட்டது. சமைத்த உணவே வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் பள்ளி மதிய உணவு 1950களில் காமராஜர் ஆட்சியில் மாநிலம் தழுவியதாகி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. ஒரு சிறுமியின் தட்டில் இடப்பட்ட உணவு, சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அவளது குழந்தையின் உயரத்தில் வெளிப்படுகிறது என்பதே இந்த ஆய்வின் சாரம்.

வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதத்தை 2022க்குள் 25 சதவீதமாகக் குறைப்பது என்ற இலக்குடன், 2018 மார்ச்சில் மத்திய அரசு 'போஷன் அபியான்' திட்டத்தைத் தொடங்கியது. 2019-21இல் பதிவான 35.5 சதவீதம், அந்த இலக்கிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. அப்போது ஐந்து வயதுக்கு உட்பட்டிருந்த குழந்தைகள் 2030களின் பிற்பகுதியில் முழு வளர்ச்சியை எட்டுவார்கள். அவர்களின் சராசரி உயரத்தை அன்றைய ஆய்வுகள் அளந்து சொல்லும். ஆனால் அதைத் தீர்மானிக்கும் ஆயிரம் நாட்களை அவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டனர். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்போது கிடைக்கும் உணவும் கவனிப்பும், இனிப் பிறக்கவிருப்பவர்களின் உயரத்துக்கே உதவும்.